போக்கிமான் ரெட், ப்ளூ வேக ஓட்டம்: எந்தப் பிரிவில் எந்தக் கிளிட்ச் செல்லும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு விளையாட்டை எவ்வளவு சீக்கிரம் முடிக்கலாம் என்று கடிகாரம் வைத்து ஆடுவதுதான் வேக ஓட்டம். அப்படி ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு வருபவர்கள் என்னிடம் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தாம். ஒருவர் "இது ஏமாற்று வேலைதானே" என்பார். அடுத்தவர் "கிளிட்ச் (நிரல் பிழையைப் பயன்படுத்தும் உத்தி) இல்லாத ஓட்டம் என்றார்களே, பிறகு ஏன் பேய் மேல் பொம்மையை வீசினார்கள்" என்று மடக்குவார். பதில் சொல்லி அலுத்துப்போய் எழுதியே வைத்துவிட்டேன். எளிய சந்தேகங்கள் முதலில், வம்பான கேள்விகள் பின்னால்.

போக்கிமானில் ஏகப்பட்ட விளையாட்டுகள் இருக்கின்றனவே, நீங்கள் பேசுவது எதைப் பற்றி?

கையடக்க விளையாட்டுக் கருவியான கேம் பாய்க்கு வந்த முதல் தலைமுறையைப் பற்றி. போக்கிமான் என்ற உயிரினங்களைப் பிடித்து, அணி சேர்த்துச் சண்டையிடும் விளையாட்டு. ஜப்பானில் 1996 பிப்ரவரி 27 அன்று ரெட், கிரீன் என இரண்டு பதிப்புகள் வந்தன. அமெரிக்காவில் 1998 செப்டம்பரில் ரெட், ப்ளூ என்ற பெயர்களில் வந்தது. உருவாக்கியது கேம் ஃப்ரீக். இங்கே நான் சொல்வதெல்லாம் ஆங்கில ரெட், ப்ளூ பதிப்புகளுக்குப் பொருந்தும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கேம் பாயின் வேலை நினைவகம் வெறும் 8 கிலோபைட். உங்கள் அணி, பை, பணம், போட்டியாளன் பெயர், வாங்கிய பதக்கங்கள், நீங்கள் நிற்கும் ஊரின் எண் எல்லாம் அதற்குள் சுவர் பகிர்ந்த ஒட்டுவீடுகள் போல வரிசையாக இருக்கின்றன. பெரிய கிளிட்ச்கள் பலவும் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குள் கைநீட்டும் வேலைதான்.

ஒரே விளையாட்டுக்கு எதற்கு இத்தனை பிரிவுகள்? யார் சீக்கிரம் முடித்தாரோ அவர் வென்றார், அவ்வளவுதானே?

அப்படி ஒரே பட்டியல் வைத்தால் அதில் ஓர் உத்திதான் உயிரோடு இருக்கும். வீட்டு வாசலைத் தாண்டியதும் விளையாட்டை முடித்துவிடும் வழி ஒன்று இருக்கிறது. அது கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, எட்டு ஜிம் தலைவர்களையும், கடைசியில் வரும் எலைட் ஃபோர் என்ற நால்வரையும் வென்று ஓடுபவருக்கு அந்தப் பட்டியலில் என்ன வேலை? ஆகவே ஓடுபவர்களே உட்கார்ந்து "இன்னது கூடாது என்று வைத்துக்கொண்டால் யார் வேகம்" என்று தனித்தனிப் பந்தயங்களாகப் பிரித்துக்கொண்டார்கள். நூறு மீட்டர் ஓடுபவரையும் மாரத்தான் ஓடுபவரையும் யாரும் ஒரே கடிகாரத்தில் ஒப்பிடுவதில்லை.

கிளிட்ச் பயன்படுத்துவது ஏமாற்று இல்லையா?

இல்லை. ஏமாற்று என்பது பந்தயத்தின் விதியை மீறுவது: கார்ட்ரிட்ஜை மாற்றியமைப்பது, ஏமாற்றுக் குறியீடு போடும் கருவியைச் செருகுவது, காணொளியை வெட்டி ஒட்டுவது. கிளிட்ச் என்பது கடையில் விற்ற அதே கார்ட்ரிட்ஜில், அதே பொத்தான்களை அழுத்தியே கிடைக்கும் விளைவு. அந்தப் பிரிவின் விதி அனுமதித்தால் அதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை.

முக்கியப் பிரிவுகளைச் சுருக்கமாகச் சொல்லுங்களேன்?

பெயர்களும் உட்பிரிவுகளும் அவ்வப்போது மாறும், ஆனால் எல்லைக்கோடுகள் பெரும்பாலும் நான்கு. எதுவும் செல்லும் எனி பர்சன்ட்டில் சேவ் கோப்பை (ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் பதிவை) சிதைப்பதும் அடக்கம். அதற்கு அடுத்தது, சேவ் கோப்பைச் சிதைக்காமல் மற்ற எதையும் செய்யலாம் என்பது. மூன்றாவது கிளிட்ச்லெஸ், பெரிய கிளிட்ச் எதுவும் கூடாது. நான்காவது, கதையை முடிப்பதை விட்டுவிட்டு 151 போக்கிமான்களையும் பதிவேட்டில் ஏற்றுவது.

கால அளவைப் பார்த்தாலே இவை எவ்வளவு வேறானவை என்று புரியும். முதலாவது ஓரிரு நிமிட விவகாரம். கிளிட்ச்லெஸில் முன்னணி ஓட்டங்கள் இரண்டு மணி நேரத்துக்குக் கீழே நிற்கின்றன.

சில நிமிடங்களில் முடித்த காணொளியைப் பார்த்தேன். அறையிலிருந்து இறங்கி வெளியே வந்தார், நேராக ஆட்டத்தின் முடிவில் வரும் ஹால் ஆஃப் ஃபேம் அறை. என்னதான் நடந்தது?

நிதானமாகச் சொல்கிறேன், இந்தப் பக்கத்திலேயே அழகான இடம் இதுதான். முதலில் தலைப்புத் திரையில் மேல் அம்பு, செலக்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்திப் பழைய சேவ் கோப்பை அழித்துவிடுகிறார்கள். அழிப்பது என்றால் சேவ் நினைவகம் முழுக்க 255 என்ற எண்ணை நிரப்புவது. பிறகு புதிய ஆட்டம். பேராசிரியர் ஓக்கின் பேச்சைத் தட்டித் தள்ளிவிட்டு, படுக்கையறையிலேயே சேவ் கொடுக்கிறார்கள். சேவ் நடக்கிறது என்ற வரி திரையில் இருக்கும்போதே, எண்ணி வைத்த ஒரு கணத்தில் ரீசெட். விளையாட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதுவதில்லை. பெயர், இடம், பை போன்றவை முதல் தவணை. அணி கடைசித் தவணை. இரண்டுக்கும் நடுவில் நிறுத்தினால் பெயரும் இடமும் சரியாக இருக்கும், அணியின் இடத்தில் மட்டும் பழைய 255 அப்படியே கிடக்கும். ஆக, ஒரு போக்கிமான்கூட வாங்காத சிறுவனிடம் இப்போது 255 போக்கிமான்கள்.

அணியில் ஆறு பேருக்குத்தான் இடம். ஒருவருக்கு 44 பைட். ஏழாவது ஆளிலிருந்து நீங்கள் பார்ப்பது போக்கிமானே இல்லை, பக்கத்து வீடு. பத்தாவது ஆளின் 44 பைட்டுக்குள் வந்து விழுவது பையில் எத்தனை பொருள் இருக்கிறது என்ற எண்ணிக்கை. அந்தப் பத்தாவது ஆளை வெறும் 255ஆக நிறைந்த இன்னோர் ஆளோடு இடம் மாற்றினால் பையிலும் 255 பொருள்கள். பை என்பது 20 பொருள்களுக்கு. 21ஆவதிலிருந்து அடுத்த வீடு: பணம், போட்டியாளன் பெயர், பதக்கங்கள். 36ஆவது பொருளின் எண்ணிக்கையாகத் தெரிவது "கடைசியாக எந்த ஊரில் இருந்தீர்கள்" என்ற எண். பைக்குள் பொருள்களை இடம் மாற்றியும் எறிந்தும் அதை 118 ஆக்குகிறார்கள். 118 என்பது ஹால் ஆஃப் ஃபேம் அறையின் எண். வீட்டு வாசலுக்கோ "வந்த ஊருக்குத் திருப்பி அனுப்பு" என்பது மட்டுமே தெரியும். வாசல் தன் கடமையைச் செய்கிறது.

பாதியில் அணைத்தால் சேவ் கெட்டுவிட்டது என்று விளையாட்டுக்குத் தெரியாதா? சரிபார்ப்பு எதுவும் இல்லையா?

இருக்கிறது. சேவ் பகுதியின் பைட்டுகளைக் கூட்டி ஒரு சரிபார்ப்பு எண்ணை வைத்துக்கொள்கிறது, திறக்கும்போது மறுபடி கூட்டி ஒப்பிடுகிறது. கோளாறு என்னவென்றால் அந்தக் கூட்டல் முதல் தவணையின் முடிவிலேயே ஒருமுறை நடந்துவிடுகிறது, அப்போது அணிப் பகுதியில் இருக்கும் 255களையும் சேர்த்தே. கணக்கு சரியாகத்தான் இருக்கும். கூட்டப்பட்டது குப்பை என்பது கூட்டலுக்குத் தெரியாது.

சேவைச் சிதைக்கக் கூடாது என்றால் அந்தப் பிரிவில் என்னதான் மிச்சம்?

ஏராளம். என்னைக் கேட்டால் பார்ப்பதற்குச் சுவையான பிரிவு இதுதான். ஊர்களையும் பார்க்கிறோம், இயந்திரத்தின் உள்ளையும் பார்க்கிறோம். குறி மேலே சொன்ன அதே குறி: நினைவகத்தில் கைநீட்ட ஒரு ஜன்னல். ஆனால் ஜன்னலைத் திறக்கச் சேவ் உதவாது, விளையாட்டின் நடப்பிலேயே ஓர் ஓட்டை தேட வேண்டும். உதாரணமாக, பையின் எண்ணிக்கை 0 ஆக இருக்கும்போது இன்னும் ஒன்றைக் கழிக்க வைத்தால் அது மைனஸ் ஒன்று ஆகாது, 255 ஆகிவிடும். ஒரு பைட்டுக்குக் கீழே போக இடம் இல்லை, சுற்றிக்கொண்டு உச்சிக்கு வந்துவிடுகிறது. அதன் பிறகு 36ஆவது பொருள் விவகாரம்தான்.

இந்தப் பிரிவு திறந்துவிடும் கிளிட்ச்களில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, பயிற்சியாளர் பார்வையில் பட்ட கணத்தில் தப்பிவிடுவது. ஆங்கிலத்தில் டிரெயினர் ஃப்ளை என்பார்கள். 2003இல் வெளியே தெரிந்தது. மியூ கிளிட்ச் என்ற பெயரில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். மியூ என்பது ஆட்டத்தில் சாதாரணமாகப் பிடிக்கவே முடியாத போக்கிமான்.

அந்த மியூ கிளிட்ச் வதந்தி இல்லையா? லாரிக்கு அடியில் மியூ இருக்கிறது என்பதைப் போல?

லாரி வதந்தி. இது உண்மை, எந்தக் கார்ட்ரிட்ஜிலும் நடக்கும். செருலியன் நகரில் போக்கிமான் சென்டருக்குப் போய்விட்டு, டெலிபோர்ட் (கடைசியாகப் போன சென்டருக்குத் தாவும் உத்தி) தெரிந்த ஆப்ரா என்ற போக்கிமானோடு வடக்கே 24ஆம் சாலைக்குப் போகிறீர்கள். அங்கே புல்லருகே நிற்கும் பயிற்சியாளர் திரையின் விளிம்பில் தோன்றும் அடியிலேயே ஸ்டார்ட்டை அழுத்த வேண்டும். ஓர் அடி பிந்தினாலும் அவர் பிடித்துவிடுவார். மெனு திறந்துவிட்டால் டெலிபோர்ட். நீங்கள் மறையும்போது அவர் தலைக்கு மேல் ஆச்சரியக்குறி தோன்றும். நீங்கள் நகருக்கு வந்துவிட்டீர்கள், ஆனால் சண்டை தொடங்கப்போகிறது என்ற நினைப்பிலேயே விளையாட்டு இருக்கிறது. அதனால் ஸ்டார்ட் பொத்தான் வேலை செய்யாது.

பிறகு 25ஆம் சாலையில் ஸ்லோபோக் வைத்திருக்கும் சிறுவனோடு சண்டை. அவன் உங்களிடம் நடந்து வர வேண்டும். நீங்கள் ஒட்டி நின்றால் விளையாட்டு உறைந்துவிடும். வென்றபின் மறுபடி டெலிபோர்ட், மறுபடி 24ஆம் சாலை. மெனு தானாகத் திறக்கும். மூடுங்கள். ஏழாம் நிலை மியூ முன்னால் நிற்கும்.

ஏன் குறிப்பாக ஸ்லோபோக்? ஏன் மியூ?

விட்டுப்போன சண்டையில் யாரை நிறுத்துவது என்று தெரியாமல், கடைசியாக நீங்கள் மோதிய போக்கிமானின் ஸ்பெஷல் என்ற ஆற்றலின் மதிப்பு இருந்த இடத்தை விளையாட்டு படிக்கிறது. அந்த ஸ்லோபோக்கின் ஸ்பெஷல் 21. பயிற்சியாளர்களின் போக்கிமான்களுக்கு மறைமதிப்புகள் நிலையானவை, ஆகவே எல்லோருக்கும் எப்போதும் 21தான். உள்ளே இருக்கும் பட்டியலில் 21ஆம் எண் மியூ. 14 என்றால் ஜெங்கார், 149 என்றால் அலகசாம். 200ஐத் தாண்டினால் வருவது போக்கிமான் இல்லை, ஒரு பயிற்சியாளர்.

நிலை ஏழு என்பதும் இப்படித்தான். அது எதிராளியின் தாக்குதல் ஏற்ற இறக்கத்தைக் குறிக்கும் எண். மாறாத நிலையில் அது 7. ஸ்லோபோக் மேல் தாக்குதலைக் குறைக்கும் க்ரோல் உத்தியை ஆறு முறை போட்டால் 1 ஆகிவிடும், மியூவும் முதல் நிலையில் வரும். முதல் நிலையில் மியூ வகைக்கான அனுபவப் புள்ளிச் சூத்திரம் மைனஸ் 54 என்று விடை தரும். ஆனால் அதை வைக்க இருப்பது மூன்று பைட், மைனஸ் தெரியாத மூன்று பைட். அது 1,67,77,162 ஆகிவிடுகிறது. 54க்குக் குறைவான புள்ளிகளை ஒரு சண்டையில் வாங்கிக்கொடுத்தால் நேராக நூறாவது நிலை. எந்த ஓட்டத்துக்கும் அவசியம் இல்லாத வேடிக்கைதான். எனக்கு இன்றைக்கும் அலுக்கவில்லை.

விளையாட்டுக்குள் இருந்துகொண்டே நிரல் எழுதுகிறார்கள் என்கிறார்களே, அது என்ன?

பையில் சாதாரணமாகக் கிடைக்கவே கிடைக்காத ஒரு பொருள், பெயர் எட்டு எஃப். அதைப் பயன்படுத்தினால் செயலி, அணியில் எத்தனை போக்கிமான் என்ற எண் இருக்கும் இடத்துக்குத் தாவி, அங்கிருந்து படிப்பதையெல்லாம் கட்டளை என்று எடுத்துக்கொள்கிறது. அணியில் யார் எந்த வரிசையில் என்பதே கட்டளை. பழகியவர்கள் அணியை "பைக்குப் போ" என்று பொருள் வரும்படி அடுக்கிவிடுவார்கள். அதன் பிறகு பைதான் நிரல்: எந்தப் பொருள் என்பது ஓர் எண், எத்தனை என்பது அடுத்த எண்.

பிரிவுகளை ஒப்பிடும்போது இதன் விளைவைக் கவனியுங்கள். இதை அனுமதித்துவிட்டால் எந்த இலக்கும் நினைவகத்தில் ஒரு சில பைட்டை மாற்றும் வேலையாகச் சுருங்கிவிடும். 151 பிடிக்க வேண்டுமா? பிடித்ததாக எழுதிவிடலாம். ஆகவே எந்தப் பிரிவின் விதியையும் படிக்கும்போது சேவ் சிதைப்பை அடுத்து நான் தேடிப் பார்க்கும் வரி இதுதான்.

மிஸ்ஸிங்நோவை ஏன் யாரும் பயன்படுத்துவதில்லை? அதுதானே புகழ்பெற்ற கிளிட்ச்?

புகழுக்கும் வேகத்துக்கும் தொடர்பில்லை. மிஸ்ஸிங்நோ என்பது பிழையால் தோன்றும் போலிப் போக்கிமான். விரிடியன் நகரக் கிழவர் போக்கிமான் பிடித்துக் காட்டும்போது உங்கள் பெயரைக் காட்டுப் போக்கிமான் அட்டவணை இருக்கும் இடத்தில் ஒதுக்கிவைக்கிறார்கள். அதை அழிக்கும் புல்வெளி எதையும் மிதிக்காமல் சினபார் தீவின் கிழக்குக் கரையில் நீந்தினால் உங்கள் பெயரின் எழுத்துகளே போக்கிமானாக வருகின்றன. மிஸ்ஸிங்நோவைச் சந்தித்தால் பையில் ஆறாவது பொருளின் எண்ணிக்கை 128 கூடும். ஆனால் அதற்கு நீந்தும் உத்தி வேண்டும், சினபார் வரை போக வேண்டும். கிளிட்ச் செல்லும் பிரிவுகளில் அதற்குள் ஆட்டமே முடிந்திருக்கும். கிளிட்ச்லெஸில் தொடவே கூடாது. நடுவில் அகப்பட்டுக்கொண்ட கிளிட்ச் அது.

கிளிட்ச்லெஸ் என்கிறார்கள். ஆனால் போக்கிமான் கோபுரத்தில் பேய் மேல் பொம்மையை வீசிக் கடந்துபோகிறார்கள். அது கிளிட்ச் இல்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு ஒரு வணக்கம். லாவண்டர் ஊர்க் கோபுரத்தில் மாரோவாக்கின் ஆவி படியை மறிக்கும். அதை அடையாளம் காண சில்ஃப் ஸ்கோப் வேண்டும், அதற்கு ராக்கெட் கும்பலின் மறைவிடம் முழுவதையும் சுற்ற வேண்டும். ஆனால் செலடான் அங்காடியில் விற்கும் போக்கே டால் என்ற பொம்மையை வீசினால் சண்டை முடிந்துவிடும், ஆவி தோற்றதாகவே விளையாட்டு எடுத்துக்கொள்ளும். ஒரு மறைவிடத்தைச் சுற்றும் நேரமே மிச்சமாகும். கிளிட்ச்லெஸ் ஓட்டத்தில் இது செல்லும்.

வாதம் இப்படிப் போகிறது: பொம்மை கடையில் விற்கிறது, சண்டையிலிருந்து தப்பவே விற்கிறது, அதை அதன் வேலைக்கே பயன்படுத்தினீர்கள். நினைவகத்தில் எதுவும் கெடவில்லை. உருவாக்கியவர்கள் யோசிக்காமல் விட்டது, அவ்வளவே. எனக்கு இந்த வாதம் முழுத் திருப்தி தரவில்லை. உருவாக்கியவர்கள் யோசிக்காமல் விட்டதுதான் மியூ கிளிட்சும். இருந்தாலும் இதைத் தடை செய்யச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் தடை செய்யத் தொடங்கினால் அடுத்த கேள்விக்கு வந்து நிற்போம்.

அப்படியானால் பிழை எதையும் தொடாத சுத்தமான ஓட்டம் என்று ஒன்று வைக்கலாமே?

முடியாது. இந்த விளையாட்டில் பிழைகளைத் தொடாமல் ஒரு சண்டைகூடப் போட முடியாது. சில பதக்கங்கள் உங்கள் போக்கிமானின் ஆற்றலைக் கூட்டுகின்றன. சண்டையில் ஏதாவது ஓர் ஆற்றல் மாறும் ஒவ்வொரு முறையும் அந்தக் கூட்டலை விளையாட்டு மறுபடி போட்டுவிடுகிறது. நூறு சதவீதம் படும் என்ற தாக்குதல் 256இல் ஒருமுறை தவறும், ஏனென்றால் 0 முதல் 255 வரை வரும் தற்செயல் எண் 255ஐவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். சைக்கிக் வகையைப் பேய் வகை தாக்கினால் எதுவும் ஆவதில்லை. எலைட் ஃபோரில் ஒருவரான லான்ஸின் டிராகனைட், எதிரே விஷ வகை நின்றால் அதற்கு எதிராக வலிய வகைத் தாக்குதல் என்று நினைத்து அஜிலிட்டியையும் பேரியரையும் மாற்றி மாற்றிப் போடும். இரண்டும் அடிக்கும் உத்திகளே இல்லை.

இவற்றை எப்படித் தடுப்பீர்கள்? அதனால்தான் கிளிட்ச்லெஸ் விதி, கிளிட்ச் என்றால் என்ன என்று இலக்கணம் சொல்லித் தப்பிக்க முடிவதில்லை. டிரெயினர் ஃப்ளை, சுவர் வழியே நடப்பது, பொருள்களைப் பெருக்குவது என்று கூடாதவற்றைப் பெயர் சொல்லித் தள்ள வேண்டியிருக்கிறது. அந்தப் பெயரைச் "சுத்தம்" என்று படிக்காமல் "ஆட்டம் ஆட்டமாகவே இருக்கிறது" என்று படித்தால் குழப்பம் தீரும்.

கிளிட்ச்லெஸில் ஏன் எல்லோரும் நிடோகிங்கையே வைத்துக்கொள்கிறார்கள்? தொடக்கத்தில் தரப்படும் சார்மாண்டர் என்ன பாவம் செய்தது?

நிடோரான் 22ஆம் சாலையிலேயே கிடைக்கும், 16ஆம் நிலையில் நிடோரினோ, மவுண்ட் மூனில் கிடைக்கும் நிலாக்கல்லைக் கொடுத்தால் உடனே நிடோகிங். ஆட்டத்தின் தொடக்கத்திலேயே முழு வளர்ச்சி. செலடான் அங்காடியில் ஹார்ன் டிரில் என்ற தாக்குதலைக் கற்றுத்தரும் டிஎம் 07 என்ற பொருளை வாங்கலாம். பட்டால் ஒரே அடி, ஆனால் அரிதாகவே படும். இங்கே எக்ஸ் அக்யூரசி என்ற பொருள் வருகிறது: அதைப் போட்டுவிட்டால் படுமா என்ற சோதனையையே விளையாட்டு தவிர்த்துவிடும். மேலே சொன்ன 256இல் ஒன்றும் சேர்ந்தே போய்விடும். எதிராளியைவிட வேகம் குறையக் கூடாது என்பது ஒன்றே நிபந்தனை. அதற்கு வேகத்தைக் கூட்டும் எக்ஸ் ஸ்பீட். எலைட் ஃபோரில் பெரும்பகுதி இப்படியே போகும். அகாத்தாவின் ஜெங்கார், ஹாண்டர் ஆகிய பேய் வகைகள் மேல் மட்டும் ஹார்ன் டிரில் செல்லாது, அங்கே வேறு உத்தி வேண்டும்.

எல்லாம் அதிர்ஷ்டம்தானே? நல்ல நிடோரான் கிடைக்காவிட்டால்?

கிடைக்கும்படி செய்கிறார்கள். தற்செயல் எண்களை விளையாட்டு எடுப்பது கருவிக்குள் ஓயாமல் ஓடும் ஓர் எண்ணியிலிருந்து. கருவியை இயக்கியதிலிருந்து ஒவ்வொரு பொத்தானையும் அதே கணத்தில் அழுத்தினால் அதே எண்கள் வரும், அதே புல்லில் அதே நிடோரான் வரும். திரை நொடிக்கு ஏறத்தாழ 59.7 முறை புதுப்பிக்கப்படுகிறது, அதில் ஒன்றைத் தவறவிட்டாலும் வேறு உலகம். தலைப்புத் திரையில் தாளம் போட்டுக்கொண்டு பொத்தானை அழுத்துபவரைப் பார்த்தால் சிரிக்காதீர்கள். அந்த ஒரு நிமிடத்துக்காக மாதக்கணக்கில் பழகியிருப்பார். இந்தத் திறமை எல்லாப் பிரிவுக்கும் பொது. சேவ் சிதைப்பில் ரீசெட் கணமும் இதே கைப்பழக்கம்தான்.

151ஐயும் பிடிக்கும் பிரிவில் கிளிட்ச் இல்லாமல் முடியுமா?

ஒரே கார்ட்ரிட்ஜில் முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மியூ சாதாரணமாகக் கிடைக்காது, 150. மற்றப் பதிப்பில் மட்டும் வருபவை 11, கழித்தால் 139. தொடக்கத்தில் தேர்ந்தெடுக்காத இரண்டு குடும்பங்கள் 6, 133. ஈவியின் மீதி இரண்டு வடிவங்கள், 131. எடுக்காத புதைபடிவத்தின் குடும்பம் 2, 129. சண்டைக்காரர் இருவரில் ஒருவர், 128. பரிமாற்றத்தில் மட்டும் வளர்பவை 4. மிச்சம் 124.

ஆகவே ஒன்று இரண்டாவது கார்ட்ரிட்ஜும் இணைப்புக் கம்பியும் வேண்டும், இல்லையென்றால் கிளிட்ச் வேண்டும். டிட்டோவை எதிரே நிறுத்தி அது உங்கள் போக்கிமானாக மாறினால் அதன் ஸ்பெஷலும் உங்களுடையதாகிவிடும். எந்த ஸ்பெஷல் வேண்டுமோ அந்தப் போக்கிமானை அனுப்பி, ஸ்லோபோக் பதிலில் சொன்ன முறையில் வேண்டியதை வரவழைக்கலாம்.

ஜப்பானியப் பதிப்பில் ஓடினால் வேகமாமே?

எழுத்து குறைவு, ஆகவே உரையாடல் சீக்கிரம் நகரும். அதைவிடப் பெரிய வேறுபாடு செலக்ட் பொத்தான். பொருளை இடம் மாற்றத் தொடங்கிவிட்டுப் பாதியில் வேறு மெனுவுக்குப் போனால் அந்தப் பாதி வேலை அங்கேயும் தொடரும் என்ற ஓட்டை ஜப்பானியப் பதிப்பில் உண்டு, ஆங்கிலத்தில் அடைத்துவிட்டார்கள். எனவே கிளிட்ச் பிரிவுகளில் இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை.

எந்தக் கருவியில் ஓடினாலும் நேரம் ஒன்றுதானே?

கேம் பாய் விளையாட்டைத் தொலைக்காட்சியில் ஆட உதவும் முதல் சூப்பர் கேம் பாய் மட்டும் கூடாது. அது அசலைவிட ஏறத்தாழ 2.4 சதவீதம் வேகமாக ஓடும். இரண்டு மணி நேர ஓட்டத்தில் கிட்டத்தட்ட மூன்று நிமிடம் சும்மா கிடைத்துவிடும். இரண்டாவது சூப்பர் கேம் பாயில் இதைச் சரிசெய்துவிட்டார்கள்.

கணினி விளையாடிய ஓட்டம் என்று ஒன்றைப் பார்த்தேன், அதையும் இவற்றோடு ஒப்பிடலாமா?

கூடாது. அதில் ஒவ்வொரு பொத்தானும் முன்கூட்டியே கணம் கணமாக எழுதி வைக்கப்பட்டது. கையால் எட்ட முடியாத எல்லையைக் காட்டும் வரைபடம் என்று பாருங்கள். மனிதர்கள் ஓடும் வழிகளுக்கு அதிலிருந்து யோசனை கிடைக்கும்.

புதிதாகத் தொடங்குபவர் எந்தப் பிரிவில் இறங்கலாம்?

பொதுவாக எல்லோரும் கிளிட்ச்லெஸ் என்பார்கள். நான் அப்படிச் சொல்வதில்லை. இரண்டு மணி நேர ஓட்டத்தில் ஒன்றரை மணி நேரம் கழித்து 256இல் ஒருமுறை தவறும் அடி தவறினால் புதியவர் அதோடு விட்டுவிடுவார். முதலில் நேரத்தைப் பார்க்காமல் மியூ கிளிட்சை ஒருமுறை கையால் செய்துபாருங்கள். பிறகு 255 போக்கிமான் வித்தையைப் பழகுங்கள். தவறினால் இழப்பு இரண்டு நிமிடம்தான், ஒரு மாலைப்பொழுதில் ஐம்பது முறை முயலலாம். இயந்திரம் எப்படி யோசிக்கிறது என்று பிடிபட்ட பிறகு கிளிட்ச்லெஸுக்கு வாருங்கள்.

என் பழைய கார்ட்ரிட்ஜில் இவற்றைச் செய்தால் கெட்டுவிடுமா?

கார்ட்ரிட்ஜ் கெடாது, நிரல் இருக்கும் பகுதியில் எழுதவே முடியாது. சேவ் கெடும். டிரெயினர் ஃப்ளை பெரும்பாலும் சாது; ஒட்டி நின்று உறைந்தால் அணைத்து ஏற்றினால் பழைய சேவ் அப்படியே இருக்கும், ஆகவே தொடங்குமுன் சேவ் செய்துகொள்ளுங்கள். மிஸ்ஸிங்நோ ஹால் ஆஃப் ஃபேம் பதிவுகளைக் குழப்பிவிடும். 255 போக்கிமான் வித்தைக்கு முதல் படியே எல்லாவற்றையும் அழிப்பது.

எனக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். ரீசெட் கணத்தைப் பழகலாம் என்று உட்கார்ந்தபோது செருகியிருந்தது பழகுவதற்கான கார்ட்ரிட்ஜ் என்று நினைத்து மூன்று பொத்தான்களையும் அழுத்தினேன். "சேவை அழிக்கவா" என்று கேட்டது. ஆம் என்றேன். அடுத்த முயற்சிக்குக் கையை வைக்கும்போதுதான் வில்லையின் நிறத்தைப் பார்த்தேன். அது ப்ளூ. பழகும் கார்ட்ரிட்ஜ் மேசையின் மறுமுனையில் சிவப்பாக இருந்தது. நீங்கள் தொடங்குமுன் நிறத்தைப் பாருங்கள்.